ஃபேர் காபியும் ரஃப் நோட்டும்: சேலத்துக் கிளை நூலகம் ஒன்றில் மாணவர்களின் ஊர் வரலாறு

மே மாதம் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் ரூமைக் காலி செய்வார்கள். பழைய வினாத்தாள் கட்டு, உடைந்த பெஞ்சு, ஆண்டு விழாத் தட்டி, கூடவே மாணவர்கள் ஒப்படைத்த செயல்திட்ட நோட்டுகளும் சார்ட்டுகளும் வெளியே வரும். எல்லாம் ஒரே எடையில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். எங்கள் பகுதிப் பள்ளியில் அப்படிப் போகவிருந்த ஒன்பது மூட்டைகளை எங்கள் கிளை நூலகர் கேட்டு வாங்கி வந்தார். அவர் போனது ஒரு பழைய ரேக்கை இரவல் கேட்க. ரேக் கிடைக்கவில்லை, மூட்டைகள் கிடைத்தன.

அந்த நோட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2012-13 கல்வியாண்டில், பள்ளி ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பாடத்திலும் பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி தேர்வுக்கு 60 மதிப்பெண், பருவம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் அதே. அந்த 40-ஐ நிரப்பச் செயல்பாடுகள் தேவைப்பட்டன. சமூக அறிவியல் ஆசிரியர்கள் அதிகம் யோசிக்காமல் கொடுத்த தலைப்பு "எங்கள் ஊர் வரலாறு". நானும் அப்படிக் கொடுத்தவன்தான். அதே பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்று, இப்போது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். ஏற்காட்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தன் பள்ளியின் நோட்டுகளையும் இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி மலையிலிருந்து இறக்கிவிட்டார். இவற்றை என்ன செய்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்பதுதான் இந்தப் பதிவு.

கிளை நூலகம் என்பது புத்தகம் இரவல் கொடுக்கும் இடம். 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் தொடங்கி, சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியில் ஓடும் அமைப்பு அது. அங்கே ஆவணக் காப்பகம் என்று தனியாக எதுவும் கிடையாது. புத்தக இருப்புப் பதிவேட்டில் மாணவர் நோட்டை ஏற்றினால், நாளை கிழிந்த புத்தகங்களைக் கழிக்கும்போது அதையும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள் என்று நூலகர் பயந்தார். அதனால் தனிப் பதிவேடு, தனி எண், புரவலர் ஒருவர் கொடுத்த இரும்பு பீரோ. எங்கள் காப்பகம் இவ்வளவுதான்.

முதல் தவறை முதல் வாரத்திலேயே செய்தோம். மூட்டைகளைத் தரையில் கொட்டி, தலைப்புவாரியாகப் பிரித்தோம். ராஜாஜி ஒரு அடுக்கு, மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அடுக்கு, மாம்பழம், கோட்டை மாரியம்மன், இரும்பாலை, ஏற்காடு என்று ஆளுக்கொரு மூலையில் அடுக்கினோம். பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு வகுப்பு, ஒரு பருவம் என்று கட்டப்பட்டிருந்ததை, கட்டை அவிழ்த்து எறிந்த பிறகுதான் உணர்ந்தோம். பல நோட்டுகளில் பெயர் மட்டும் இருந்தது, ஆண்டு இல்லை. மூட்டையின் சேர்க்கைதான் ஆண்டைச் சொல்லியிருக்கும். வந்த ஒழுங்கைக் கலைக்காதே என்பது ஆவணக் காப்பாளர்களின் பாலபாடம். எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஒரே பெயர் வேறு நோட்டுகளிலும் வருகிறதா, ஒரே பிரவுசிங் சென்டரின் ரசீது ஒட்டியிருக்கிறதா என்று துப்பறிந்து பாதியைத்தான் திரும்பச் சேர்க்க முடிந்தது.

சரி, உள்ளே என்ன இருந்தது? பெரும்பாலும் ஏமாற்றம். மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய நோட்டுகள் அத்தனையிலும் அதே வரிகள்: 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கினார், ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் நிற்கிறது. ராஜாஜி அடுக்கிலும் அப்படியே: சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார், 1937 அக்டோபர் 1-இல் நாட்டிலேயே முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தகவல் தப்பில்லை, ஆனால் ஒரே இணையப் பக்கத்தின் பிரிண்ட் அவுட் பல கையெழுத்துகளில் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. இதைக் காப்பாற்ற இரும்பு பீரோ எதற்கு? வாசகர் வட்டத்தில் இருவர் நேரடியாகவே கேட்டார்கள். எனக்கும் பதில் இல்லை.

பதில் வந்தது ஒரு மட்டமான நோட்டிலிருந்து. 40 பக்க ரூல்டு நோட்டு, அட்டை கிடையாது. யாரோ ஒரு பெண் ஃபேர் காபியோடு ரஃப் நோட்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். பார்க்கத் தடிமனாகத் தெரிய வேண்டும் என்று செய்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

தலைப்பு "எங்கள் தெருப் பாவடி". நெசவு தெரியாதவர்களுக்கு: தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவைத் தறியில் ஏற்றும் முன் திறந்த வெளியில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் நீவி விட்டு உலர்த்த வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி முறுகிவிடும் என்பதால் விடியற்காலை வேலை அது. அதற்கென்று ஊர்ப் பொதுவில் விட்டிருந்த நீண்ட வெட்டவெளிதான் பாவடி. சேலத்தின் நெசவுப் பகுதிகளில் தெருவின் பெயரிலும் பள்ளியின் பெயரிலும் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவுக்கு இயந்திரத்தில் கஞ்சி போடும் சைசிங் மில்லும் விசைத்தறியும் வந்த பின் நிலத்தின் வேலை போய்விட்டது. வேலை இல்லாத பொது நிலம் சேலத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபேர் காபியில் அந்தப் பெண் எழுதியிருந்தது: "பண்டைக் காலத்தில் நெசவாளர்கள் பாவடியில் அமர்ந்து நூல் நூற்றனர்." ரஃப் நோட்டில் அதே இடத்தில் தாத்தா சொன்னது சொன்னபடி இருந்தது: "நாங்க விடியால நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாவு ஓடுவோம் கண்ணு. மழை வந்துட்டா எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு ஓடணும். ஆளு பத்தலைன்னா பக்கத்துத் தறிக்காரனும் வருவான், கூலி கெடையாது, நாளைக்கு நாம போவணும்."

நூற்பது வேறு, பாவு ஓடுவது வேறு. இந்தத் தெருக்களில் யாரும் நூல் நூற்கவில்லை. மில் நூலை வாங்கித்தான் நெய்தார்கள். ஆக ஃபேர் காபியில் இருப்பது பிழை, அதுவும் ஒரு தொழிலையே மாற்றிச் சொல்லும் பிழை. யார் மாற்றினது? ரஃப் நோட்டில் "பாவு ஓடுவோம்" என்பதைச் சுழித்து, மேலே "நூல் நூற்றனர்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பக்கத்தில் "பேச்சு வழக்கு வேண்டாம்" என்று ஒரு குறிப்பு. கையெழுத்து என்னுடையது.

கூலி இல்லாமல் மாறி மாறி வேலை செய்த விஷயமும் ஃபேர் காபியில் இல்லை. அதற்கு மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு. பிரிட்டிஷ் அதிகாரி ல ஃபனு 1883-இல் எழுதிய சேலம் மாவட்ட மேனுவலிலும், அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரிலும் (மாவட்டத் தகவல் தொகுப்பு) வரி, மழை, சாதி, விளைச்சல் எல்லாம் இருக்கிறது. மழை வந்தால் யார் யாருடைய பாவைச் சுருட்டினார்கள் என்று எந்த கலெக்டர் ஆபீசும் எழுதி வைக்கவில்லை. அதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் எழுதி வைத்தாள், நான் அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையின் திசை மாறியது. அழகான சார்ட்டுகளை ஓரம் கட்டிவிட்டு ரஃப் நோட்டு வேட்டைக்குக் கிளம்பினோம். மூட்டைகளில் இருந்தவை சொற்பம். பழைய மாணவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். பல வீடுகளில் சிரித்தார்கள். "பரீட்சை நோட்டையே வெக்கறதில்ல, ரஃப் நோட்டா சார்?" சில வீடுகளில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, பரணில் ஏறித் தேடினார்கள். ஒரு வீட்டில் ரஃப் நோட்டின் பின்பக்கங்களில் பால் கணக்கு எழுதியிருந்தது. பால் கணக்கோடுதான் வாங்கி வைத்திருக்கிறோம்.

ஏற்காட்டுப் பெட்டிகள் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் (கேரளத்தவர் இல்லை) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்ற வழக்கு உண்டு. அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று கதை விரியும். சேர்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை எல்லாம் அதில் வரும். நோட்டுகளின் ஃபேர் காபிகளில் எந்தத் தம்பி எந்த மலைக்குப் போனான் என்பது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. மூன்று ரஃப் நோட்டுகளில் மூன்று விதமாக இருந்தது. ஒரு ஆயா, தன் மலைக்கு வந்தவன்தான் மூத்தவன் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர்ப் பெரியவர், இல்லை நடுவுள்ளவன் என்கிறார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது காப்பகத்தின் வேலை இல்லை. எந்த ஊரில், எந்த ஆண்டு, யார் வாயில் எது வந்தது என்று குறித்து வைப்பதுதான் வேலை. ஆசிரியர் மூன்றையும் ஒன்றாக்கியபோது, மலைக்கு மலை பெருமை மாறுகிற சுவாரசியம் காணாமல் போயிருந்தது.

அதே பெட்டியில் இன்னொன்று. மலைக் கிராமம் ஒன்றில் மரத்தடியில் சாமியாக வைத்திருக்கும் வழவழப்பான கற்களை ஒரு பையன் பென்சிலில் படம் போட்டிருந்தான். பார்த்தவுடன் தெரிந்தது, புதிய கற்காலக் கற்கோடரிகள். சேர்வராயன் மலையில் இப்படிக் கோயில்களில் குவித்து வைத்த கற்கோடரிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவர் நினைவிடம் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஏற்காடு போகிற ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். பையனின் நோட்டில் ஃபூட் பெயர் இல்லை. ஆனால் அந்தக் கற்களுக்கு எந்த மாதம் மஞ்சள் பூசுவார்கள், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதெல்லாம் இருந்தது.

இந்த நோட்டைப் பட்டியலில் எப்படி ஏற்றுவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. "கற்காலக் கருவி" என்று எழுதலாம் என்றார் ஒருவர். "சாமிக் கல்" என்றுதானே பையன் எழுதியிருக்கிறான் என்றார் நூலகர். பெரியேரித் தலைவெட்டி முனியப்பன் வழக்கு எல்லோருக்கும் நினைவில் இருந்தது. ஊர் முனியப்பன் என்று கும்பிட்ட சிலை புத்தருடையது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கட்டும். முனியப்பன் என்ற பெயரில் அத்தனை காலம் நடந்த வழிபாடும் வரலாறுதானே? கடைசியில் எங்கள் பட்டியலில் இரண்டு கட்டம் போட்டோம்: சொன்னவர் வைத்த பெயர், படித்தவர் வைக்கும் பெயர். முதல் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. இரண்டாவது காலியாக இருந்தால் பரவாயில்லை. அந்தக் கற்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதைப் பொதுப் பட்டியலில் போடவில்லை. தொல்பொருள் திருடர்களுக்கு நாமே வழிகாட்டிப் பலகை வைக்க வேண்டாம் என்று நூலகர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

இடப்பெயரிலும் ஒரு கண்ணி இருந்தது. பேட்டி கொடுத்த பெரியவர்கள் "நம்ம சேலம் ஜில்லா" என்று சொன்ன ஊர்கள் பல, இன்றைய சேலம் மாவட்டத்தில் இல்லை. 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல். ராசிபுரத்துக்காரர் ஒருவர் தன்னைச் சேலம் ஜில்லாக்காரர் என்று சொல்வது அவர் பிறந்த காலத்தில் சரி. அதனால் சொன்ன பெயரோடு இன்றைய பெயரையும் எழுதுகிறோம். பேசிய மொழியையும் எழுத வேண்டியிருந்தது. சேலத்து நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் புழங்கும். தாத்தா கன்னடத்தில் சொன்னதைப் பேத்தி தமிழில் எழுதியிருப்பாள். அது ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு என்பது நோட்டைப் பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

இனி பொருளைக் காப்பாற்றுவது. இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான். துருப்பிடித்த ஸ்டேப்பிளர் பின்களை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்தோம். பிளாஸ்டிக் ஃபைல்களை வீசினோம், உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். ஏற்காட்டுப் பெட்டிகளில் பாதி அப்படித்தான் வந்தது, மலைப்பனி யாரை விட்டது? அவற்றைத் தனி அறையில் காற்றாட வைத்து, மென்மையான பிரஷால் தட்டி, அப்புறம்தான் மற்றவற்றோடு சேர்த்தோம். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைத்தோம். தெர்மாகோல் மாடல்களைப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இரும்பாலையின் தெர்மாகோல் மாடலை வைக்கிற இடத்தில் முப்பது நோட்டு வைக்கலாம்.

ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த பாவடி வரைபடம் ஒன்று ஓரம் கிழிந்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஒருவர் அதைக் கடையில் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். சூட்டில் மை பரவி, நடுவில் குமிழ் விழுந்து, பச்சைக் கட்டமாக இருந்த தறிக்கூடம் ஒரு கறையாகிவிட்டது. லேமினேஷனை இனி பிரிக்க முடியாது. எதைச் செய்தாலும் திரும்ப அவிழ்க்க முடிகிற மாதிரிச் செய்ய வேண்டும் என்பதை அந்தக் கறை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

கணினியில் தட்டச்சு செய்த நோட்டுகள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தோம். சிடியைப் போட்டால் கோப்பு திறக்கிறது, உள்ளே முழுக்க ஆங்கில எழுத்துகளின் கிறுக்கல். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழ் இல்லை. மாற்றி மென்பொருள்கள் கிடைக்கின்றன, ஆனால் எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். யூனிகோடுக்கு மாற்றியதையும் மாற்றாத மூலக் கோப்பையும் இரண்டையும் வைத்திருக்கிறோம். சில சிடிக்கள் திறக்கவே இல்லை. பால் கணக்கு எழுதிய காகிதம் பிழைத்துக்கொண்டது, சிடி போய்விட்டது.

பழைய பட்டன் செல்போன்களில் பிள்ளைகள் பதிந்த குரல்கள் கொஞ்சம் கிடைத்தன. பெரும்பாலும் ஏஎம்ஆர் என்ற பழைய ஒலிக்கோப்பு வடிவம், தரம் மட்டம், பின்னால் தறிச் சத்தம். ஒரு நண்பர் மென்பொருளால் அந்தச் சத்தத்தை நீக்கித் தருகிறேன் என்றார். நீக்கிய பிரதி ஒன்று இருக்கட்டும், மூலம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். அந்தத் தறிச் சத்தமே இப்போது அந்தத் தெருவில் கேட்பதில்லை.

மிகவும் திணறியது அனுமதி விஷயத்தில்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டை எழுதிய பிள்ளைக்குத்தான் அதன் உரிமை, பள்ளிக்கும் இல்லை, நூலகத்துக்கும் இல்லை. அதனால் கிடைத்தவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கினோம். இப்போது 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரிடமும் வாங்குகிறோம். ஆனால் பேட்டி கொடுத்தவரிடம் யார் கேட்டது? மதுவிலக்கைப் பற்றிய நோட்டுகளில் ராஜாஜியைப் பற்றி ஒரே மாதிரி எழுதிய பிள்ளைகள், ரஃப் நோட்டில் பெரியவர்கள் சொன்ன வேறு சங்கதிகளையும் எழுதி வைத்திருந்தார்கள். எந்தத் தோட்டத்தில் ஊறல் போட்டார்கள், எந்தப் போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் போனார், எல்லாம் பெயரோடு. வரலாற்றுக்கு இது தங்கம். அந்தப் பெயர்களுக்குப் பேரன் பேத்திகள் இதே தெருவில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவற்றை உறையில் போட்டு, எந்த ஆண்டு வரை திறக்கக்கூடாது என்று மேலே எழுதி, பீரோவின் அடித்தட்டில் வைத்தோம். பட்டியலில் அவை இருப்பது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கிழித்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கிழிக்கவில்லை.

இப்போது நடைமுறை இப்படி. பள்ளியில் செயல்திட்டம் கொடுக்கும்போதே ஒரு தாள் சேர்த்துக் கொடுக்கிறோம். யாரிடம் கேட்டாய், அவருக்கு என்ன வயது, எந்த இடத்தில் உட்கார்ந்து பேசினீர்கள், எந்த மொழியில், தேதி என்ன, அவர் பதில் சொல்ல மறுத்த கேள்வி எது. கடைசிக் கேள்வியைச் சேர்த்தது ஒரு மாணவிதான். ரஃப் நோட்டில் ஆசிரியர் பேனா படக்கூடாது என்பதற்கு இன்றைய ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே. இணையத்திலிருந்து எடுத்ததையும் தடுக்கவில்லை, எடுத்த பக்கத்தை எழுதினால் போதும். ஒரு வகுப்பு, முன்பு பேட்டி எடுத்த அதே வீடுகளுக்கு அதே கேள்விகளோடு போனது. தாத்தா இல்லாத வீடுகளில் பாட்டி பேசினார். விடியற்காலை நாலு மணிக்குப் பாவு ஓட ஆண்கள் எழுந்தார்கள் என்றால், கஞ்சி காய்ச்ச மூன்று மணிக்கு எழுந்தது யார் என்று அப்போதுதான் பதிவானது.

சென்ற ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பெண் நூலகத்துக்கு வந்தாள். கல்லூரி முடித்துத் திருப்பூரில் வேலை பார்க்கிறாள். பாவடி நோட்டை எழுதியவள். எடுத்துக் கொடுத்தேன். ரஃப் நோட்டைப் புரட்டிச் சிவப்பு மை இருந்த பக்கத்தில் நின்றாள். "இது நான்தாம்மா" என்றேன். "தெரியும் சார், அன்னிக்கு வீட்டுக்குப் போயி அழுதேன்" என்று சிரித்தாள். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு கேட்டாள். நோட்டின் மேல் எழுதக்கூடாது என்பதால் தனித்தாள் கொடுத்தோம். பாவடியின் கிழக்கு ஓரத்தில் நின்ற மரத்தைப் புங்கமரம் என்று அப்போது எழுதிவிட்டதாகவும், அது புளியமரம் என்று தாத்தா பின்னால் சொன்னதாகவும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். நூலகர் அதற்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார்.